மூன்றாம் இலக்கத்து பாக்ஸ்டரும் ஒன்பதாம் இலக்கத்து பாக்ஸ்டரும்

மொன்றியலின் கோட்-டெ-நேஜ் பகுதியில் அக்காவும் அத்தானும் குடியிருக்கும் கட்டிடத்தின் வாசலில் ஒரு பித்தளைப் பலகை இருக்கிறது. இரண்டு வரிசையாக அழைப்புமணிப் பொத்தான்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பெயர் எழுதிய தாள்துண்டைச் செருகிவைக்க ஒரு சின்னக் கண்ணாடிச் சட்டம். பல ஆண்டுகள் அந்தப் பலகையில் பாக்ஸ்டர் என்ற பெயர் இரண்டு இடங்களில் இருந்தது. மூன்றாம் இலக்கத்துக்கு எதிரே நீல மையில், வலப்பக்கம் சாய்ந்த அழகான கூட்டெழுத்தில். ஒன்பதாம் இலக்கத்துக்கு எதிரே கறுப்பு மார்க்கரில், அத்தனையும் பெரிய எழுத்தில். பீட்சா கொண்டுவரும் பொடியன்கள் இந்த இரண்டுக்கும் நடுவே விரலை நீட்டியபடி நின்று படும் அவஸ்தையை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். மார்க்கரில் எழுதியவர் என் அத்தான். மானிப்பாய்ப் பக்கத்து ஆள், பனங்கொட்டை நிறம், துறைமுகப் பக்கத்து வெயர்ஹவுஸ் ஒன்றில் வேலை.

ஒரு யாழ்ப்பாணத்தவருக்கு இப்படியொரு பெயர் எப்படி வந்தது என்று கேட்காதவர்கள் இல்லை. கேட்பவர்களுக்கெல்லாம் அத்தான் ஒரே விடையைத்தான் சொல்வார். அவருடைய பூட்டனுக்குப் பூட்டன் காலத்தில் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் விடுதிப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். அங்கே ஒரு பிள்ளையைப் படிப்பித்துச் சோறு போடும் செலவை அமெரிக்காவில் யாராவது ஏற்றுக்கொண்டால், ஞானஸ்நானத்தின்போது அந்த உபகாரியின் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிடுவார்கள். அப்படிக் கடல் கடந்து வந்தது அந்தப் பெயர். கொடுத்தவர் யாழ்ப்பாணத்தைப் பார்த்ததில்லை, வாங்கிய பிள்ளை அமெரிக்காவைப் பார்த்ததில்லை. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. மகனுக்கும் பேரனுக்கும் இறங்கி, கடைசியில் ஊர்த் தேவாலயத்தில் இரண்டு வாங்கு நிறைய பாக்ஸ்டர்கள் உட்கார்ந்து தமிழில் ஞானப்பாட்டுப் படித்தார்கள். அத்தானைப் பொறுத்தவரை பாக்ஸ்டர் என்பது சுத்தமான யாழ்ப்பாணத்துப் பெயர். வெள்ளைக்காரர்களிலும் அந்தப் பெயர் இருக்கும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அப்படி ஒருவரை அவர் கண்ணால் கண்டதில்லை.

அந்தப் பெயரால் அவர் பட்டதும் கொஞ்சமல்ல. அகதி விசாரணையில் அவரது கோப்பைப் பார்த்த அதிகாரி, இலங்கைத் தமிழன் என்கிறாய், பெயர் இப்படி இருக்கிறது, இது யாருடைய அடையாள அட்டை என்று கேட்டாராம். பூட்டன் கதையை முதலிலிருந்து சொல்லியும் அவர் நம்பவில்லை. சாட்சி கொண்டுவா என்று திருப்பி அனுப்பிவிட்டார். ரொறன்ரோவில் இருந்த போதகர் ஒருவர் வந்து சொன்ன பிறகுதான் காரியம் முடிந்தது. அன்றிலிருந்து அத்தான் பெயர் விஷயத்தில் ஒரு மயிரிழை கூடப் பொய் சொல்லமாட்டார். இதே பெயரில் ஒரு பழைய பணக்காரக் குடும்பம் இருக்கிறதே, நீங்கள் அவர்களா என்று வேலையிடத்தில் யாரோ வேடிக்கையாகக் கேட்டபோது கூட, அரைமணி நேரம் நின்று இல்லை என்று விளக்கிவிட்டு வந்தவர் அவர். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

அக்காவுக்கு இந்தத் தொல்லை இல்லை. கியூபெக்கில் கல்யாணம் கட்டினாலும் பெண்ணுக்குப் பிறந்த பெயர்தான் சட்டப்படி. ஆகவே அக்காவின் குடும்பப் பெயர் எங்கள் அப்பாவின் பெயர், எனக்கும் அதுவே. அப்பா கனடாவுக்கு வரவே இல்லை, ஆனால் இந்த நாட்டில் இரண்டு பேர் அவர் பெயரைச் சுமந்துகொண்டு வரி கட்டுகிறோம்.

நான் இந்த நாட்டுக்கு வந்து அவர்கள் வீட்டு ஹோலில் சோபாவில் படுத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அவர்கள் அந்தக் கட்டிடத்துக்கு மாறினார்கள். சாமான் இறக்கும்போதே அத்தான் பலகையைப் பார்த்துவிட்டார். கையில் இருந்த பெட்டியைப் பனியில் வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

“இஞ்சை பாருமப்பா, எங்கட ஆக்கள் இருக்கினம்!” என்றார் அக்காவிடம்.

“யார் கண்டது, உங்கட சித்தப்பாவின்ர பிள்ளையளாயும் இருக்கும். போய்க் கதையுங்கோவன்” என்றாள் அக்கா.

அன்று பின்னேரமே அக்கா மட்டன் ரோல்ஸ் பொரித்துத் தட்டில் அடுக்கித் தர, அத்தானும் நானும் கீழே இறங்கினோம். மூன்றாம் இலக்கக் கதவு திறக்கத் தொடங்கியதுமே அத்தான் தொடங்கிவிட்டார்: “வணக்கம், நாங்கள் மானிப்பாய் பாக்ஸ்டர் ஆக்கள், மேலுக்கு...” கதவு முழுதாகத் திறந்தது. எழுபதைத் தாண்டிய வெள்ளைக்கார அம்மா ஒருவர், கம்பளிச் சட்டையும் சங்கிலியில் தொங்கும் மூக்குக்கண்ணாடியுமாக, கையில் சூப் கரண்டியுடன் நின்றார். அத்தான் தட்டை முன்னால் நீட்டினார். பிறகு ஆங்கிலத்தில், “நான் பாக்ஸ்டர்” என்றார். அந்த அம்மா அவரை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பார்த்துவிட்டு, நிதானமாக, “இல்லை. அது நான்” என்றார். தட்டை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். மேலே வந்து நான் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அத்தான் அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை. மறுநாள் காலை எங்கள் கதவுக்கு வெளியே அந்தத் தட்டு இருந்தது, கழுவித் துடைத்து, நிறைய வெண்ணெய் பிஸ்கற்றுகளுடன். ரோல்ஸில் உறைப்புக் கொஞ்சம் கூட என்று ஒரு தாள்துண்டில் எழுதியும் இருந்தது.

அப்படித்தான் கீழ்வீட்டு அம்மா எங்களுக்குப் பழக்கமானார். சனிக்கிழமைகளில் அத்தான் அவருடைய சாமான்களையும் சேர்த்து வாங்கிவருவார். அந்த அம்மா தேத்தண்ணி கொடுப்பார். பிறந்து வளர்ந்தது மொன்றியலில்தான் என்றாலும் பிரெஞ்சு பேசமாட்டார். தெரியாமல் இல்லை, பேசமாட்டார், அவ்வளவுதான். மூலைக்கடை தெப்பனேரில் பால் வாங்குவதென்றாலும் ஆங்கிலத்தில்தான் கேட்பார். கடைக்காரர் பிரெஞ்சில் பதில் சொல்வார். இருவருக்கும் எல்லாம் விளங்கும், இருவரும் விட்டுக்கொடுக்கமாட்டார்கள்.

பெயரின் பொருளை அத்தானுக்குச் சொன்னவர் அவர்தான். பாக்ஸ்டர் என்றால் பழைய ஆங்கிலத்தில் பாண் சுடும் பெண். தெற்கு இங்கிலாந்தில் பேக்கர் என்று போன அதே தொழில், வடக்கிலும் ஸ்கொட்லாந்திலும் பாக்ஸ்டர் என்று நின்றது. பிறகு ஆணும் பெண்ணுமாக எல்லோரும் அதைச் சூடிக்கொண்டார்கள். யாரோ ஒரு காலத்தில் மாவு பிசைந்த ஒரு பெண்ணின் தொழில், அமெரிக்கா போய், அங்கிருந்து யாழ்ப்பாணம் வந்து, ஆறு தலைமுறை கழித்து இந்த மனிதர் மேல் இறங்கியிருக்கிறது. அத்தான் மேலே ஓடிவந்து அக்காவிடம் சொன்னார்.

“பாண் சுடுற பொம்பிளையோ? ஐயோ கடவுளே!” அக்காவுக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது. “தேத்தண்ணி ஊத்தவே வராது உங்களுக்கு!”

கீழ்வீட்டு அம்மாவின் கணவர் ரயில்வேயில் வேலை செய்தவர், ஸ்கொட்லாந்து வழி வந்தவர். எந்த ஊருக்குப் போனாலும் ஹோட்டல் அறையில் டெலிபோன் புத்தகத்தை எடுத்து பாக்ஸ்டர் பத்தியைப் பார்ப்பாராம். ஸ்கொட்லாந்துப் பக்கம் போனபோது பக்கம் புரட்டிப் புரட்டிப் பார்த்துப் பூரித்துப்போனாராம். மொன்றியலில் அந்தப் பத்தி வருஷத்துக்கு வருஷம் சுருங்கிக்கொண்டே போனது. பிரெஞ்சு-ஆங்கில மொழிச் சண்டைக் காலத்தில் ஆங்கிலக்காரர்கள் கூட்டம் கூட்டமாக ரொறன்ரோவுக்குப் போய்விட்டார்கள். கணவருடைய தம்பிமாரும் போனார்கள். இவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வன்கூவரில் தங்கை வழியில் ஒரு பெறாமகள், அவளும் நடக்க முடியாதவள். “எனக்கும் இந்தப் பெயர் பிறப்பில் வந்ததில்லை, இப்போதைய சட்டம் வருமுன் கட்டியதால் வந்தது. உனக்கும் பிறப்பில் வந்ததில்லை, யாரோ கொடுத்தது. இந்த ஊரில் மிஞ்சிய பாக்ஸ்டர் நாமிருவரும் என்றால், அந்த மனுஷனுக்குத் தெரிந்தால் என்ன சொல்வான்!” என்று ஒருநாள் சொல்லிச் சிரித்தாராம்.

பார்மசியிலும் தபால்காரரிடமும் இவர்கள் இருவரும் ஒன்றாக அகப்பட்டுக்கொள்ளும்போது யாராவது கட்டாயம் கேட்பார்கள், நீங்கள் சொந்தமா என்று. இருவரும் ஒரே மூச்சில், “நோ ரிலேஷன்” என்பார்கள். போகப்போக அது அவர்களுக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. யார் முந்திச் சொல்வது என்று போட்டி. ஆனால் அடியில் இருவரும் உண்மைக்குத்தான் சொன்னார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த அம்மாவும் பொய்யைச் சகிக்காதவர்.

அவருக்கு இருந்த ஒரே பயத்தை அவர் அத்தானிடம் மறைக்கவில்லை. கணவர் மாரடைப்பில் ஆஸ்பத்திரியில் செத்தபோது இவர் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. முன்பின் தெரியாதவர்கள் நடுவில் அந்த மனிதர் போனார் என்பது அவருக்கு ஆறாத புண். “எனக்குச் சாவதற்குப் பயமில்லை. என்னை அங்கே கொண்டுபோய்ப் போட்டபின், என்னைத் தேடி ஒருவரும் வராமல் போவதுதான் பயம்” என்றாராம். அத்தான் அதைச் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது அக்கா கோப்பையை நகர்த்திவைத்துவிட்டு அழுதாள். நாங்கள் எல்லோரும் பெற்றோரைத் தூரத்தில் விட்டுவிட்டு வந்தவர்கள்.

மூன்று குளிர்காலங்களுக்கு முன்பு அந்த அம்மா குளியலறையில் விழுந்தார். அக்காதான் சத்தம் கேட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவள். நான் அப்போது ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்டுக்கு மாறிவிட்டிருந்தேன். அக்கா போனில் அந்தரப்பட்டுச் சொல்ல, நான் காரை எடுத்துக்கொண்டு துறைமுகப் பக்கம் போய் அத்தானை வேலை உடுப்போடு ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விட்டேன். வழியெல்லாம் பனி.

அந்தக் குளிர்காலம் ஊரெல்லாம் காய்ச்சல். வார்டுக்குள் குடும்பத்தார் மட்டும்தான் என்று வாசலில் அறிவித்தல் தொங்கியது. மேசையில் இருந்த பெண் பெயரைக் கணினியில் தேடிவிட்டு நிமிர்ந்து பார்த்து, பிரெஞ்சில் கேட்டாள்: நீங்கள் குடும்பமா?

இந்த மனுஷன் இப்போது நோ ரிலேஷன் என்று சொல்லிப்போட்டுத் திரும்பி நடக்கப்போகிறார் என்றே நினைத்தேன். அவரை முந்தி நானே ஒரு பொய்யை அவிழ்த்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அத்தான் மருத்துவக் காப்புறுதி அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். “வுய்” என்றார், ஓம் என்று. அந்தப் பெண் அட்டையைப் பார்த்தாள், அத்தான் முகத்தைப் பார்த்தாள், மறுபடி அட்டையைப் பார்த்தாள். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு தாதியை அழைத்து, உள்ளே போய் நோயாளியையே கேட்டுவரச் சொன்னாள்.

பொய் சகிக்காத கிழவி. அதுவும் தாதி கேட்கப்போவது பிரெஞ்சில். அறை அந்த நடையிலேயே முதலாவது, கதவு திறந்தே இருந்தது. தாதி கட்டிலருகே குனிந்து கேட்டது எங்களுக்குக் கேட்டது: மிஸ்டர் பாக்ஸ்டர் என்று ஒருவர் வந்திருக்கிறார், உங்கள் குடும்பமா? இத்தனை வருஷமும் பால் வாங்கக்கூட அந்த மொழியைத் தொடாத அந்த அம்மா, தெளிவாகச் சொன்னார்: “வுய்.”

அத்தான் உள்ளே போய்க் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் அறைக் கண்ணாடிக்கு இப்பால் நின்று அழுதேன்; சொல்வதில் என்ன வெட்கம். திரும்பி வரும்போது காரில், கேட்கக்கூடாதுதான், கேட்டேன்.

“அத்தான், பொய் சொல்லிப்போட்டியளே?”

“அவவும் அதைத்தானே சொன்னவ” என்றார் அத்தான், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. “ரெண்டு பேரைத் தனித்தனியக் கேட்டு, ரெண்டு பேரும் ஒண்டையே சொன்னா, அதுக்குப் பேர் சாட்சி. விசாரணையிலை எனக்கு அப்பிடித்தான் சொல்லித் தந்தவங்கள்.”

பனி உருகுமுன் அந்த அம்மா போய்விட்டார். அத்தான் வேலை முடிந்து தினமும் போய்வந்தார்; கடைசி மூச்சின்போதும் கட்டிலருகில் இருந்தார். ஊர் நடுவே மலையில் உள்ள கல்லறைத் தோட்டத்தில், கணவருடைய கல்லில் அவர் பெயரும் ஏற்கெனவே வெட்டியிருந்தது, வருஷம் மட்டும்தான் மிச்சம். எங்கள் தேவாலயத்து ஆட்கள் சிலர் வந்து நின்றார்கள். பெறாமகள் வன்கூவரிலிருந்து போனில் அழுதாள்.

பிறகு ஒருநாள் கட்டிடப் பராமரிப்பாளர் மூன்றாம் இலக்கப் பெயரை எடுக்க வந்தார். இரண்டு பாக்ஸ்டரில் எது செத்த பாக்ஸ்டர் என்று அவருக்குக் குழம்பியிருக்க வேண்டும். அத்தானின் பெயர்த்துண்டைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். அத்தான் வேலையால் வந்து பார்த்தால் ஒன்பதாம் இலக்கம் வெறுமையாக இருக்கிறது, மூன்றில் நீல மை அப்படியே இருக்கிறது.

“அந்த விசரன்ர வேலை. மார்க்கரை எடுத்துப் புதுசா எழுதுங்கோ” என்றாள் அக்கா.

அத்தான் எழுதவில்லை. நீல மைத் துண்டை மூன்றிலிருந்து மெதுவாக உருவி ஒன்பதில் செருகிவிட்டார். அது இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. மூன்றாம் இலக்கத்தில் இப்போது சென்னையிலிருந்து படிக்க வந்த நான்கு பிள்ளைகள்; ஒரே துண்டில் நான்கு பெயரையும் நெருக்கி எழுதியிருக்கிறார்கள். போன மாதம் நானும் அத்தானும் மரக்கறிப் பைகளோடு வாசலில் நின்றபோது அவர்களில் ஒரு பெண் பலகையைக் காட்டிக் கேட்டாள்.

“அங்கிள், உங்க பேர யார் எழுதினது? ஹேண்ட்ரைட்டிங் செம அழகா இருக்கே!”

அத்தான் சட்டைப்பையில் கதவுத் திறப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்:

“எங்கட ஆள் ஒராள், பிள்ளை.”