வெளிநாட்டுக் கடையின் சஹன்

மன்னார் பஸ் நிலையத்திலிருந்து மீன் சந்தைப் பக்கம் போகிற ஒரு ஒழுங்கைக்குள் சின்னக் கடை ஒன்று இருக்கிறது. பலகையில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் எங்கள் வாயில் அது வெளிநாட்டுக் கடைதான். சவூதிப் பேரீச்சம்பழம், இந்தியா ஊறுகாய், மலேசியா நூடில்ஸ், ஸ்பெயின் ஒலிவ் எண்ணெய், தாய்லாந்து மீன் சோஸ் எல்லாம் அங்கே கிடைக்கும். சீனாவில் அடைத்த டின்மீனும் அடுக்கியிருக்கும். நாலு பக்கமும் கடல் உள்ள ஊரில் இதை எந்த விசரன் வாங்குவான் என்று எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஆனால் நான் வேலை செய்கிற நண்டுக் கொம்பனியில் நாங்கள் விரல் நோகக் கிள்ளி எடுக்கிற சதை முழுக்க டின்னில் அடைபட்டுக் கப்பலேறுகிறது. அதை நினைத்த பிறகு சிரிப்பு வரவில்லை. கடை வாசலில் எந்த நேரமும் இரண்டு மூன்று கழுதைகள் காட்போட் பெட்டிகளைச் சப்பிக்கொண்டு நிற்கும். அவற்றை விலக்கிக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும். நான் அப்படி விலக்கிக்கொண்டு முதன்முதலாகப் போனது அக்காவுக்காக.

அக்கா லெபனானுக்கு வீட்டு வேலைக்குப் போகும்போது என் மூத்தவள் பிறக்கவில்லை. திரும்பி வந்தபோது மகள் ஓ.எல். சோதனை எழுதிக்கொண்டிருந்தாள். இடையில் அம்மா செத்துப் போனா. அந்த வீட்டுக்காரர் விடவில்லை என்று அக்கா அதற்கும் வரவில்லை. வந்து இறங்கியவளைக் கட்டிப் பிடித்தபோது எலும்புதான் கையில் தட்டுப்பட்டது. ஆஸ்பத்திரியில் டொக்டர் ஒளிக்காமல் சொன்னார். கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, எடுக்கத்தான் வேண்டும், ஆனால் உடம்பில் இரத்தம் இல்லை.

"இந்த உடம்பில கத்தி வைக்க ஏலாது. நல்லாச் சாப்பிட வையுங்கோ. கனநாள் தள்ளிப் போடவும் ஏலாது," என்றார்.

சாப்பிட வைப்பதுதானே, அதைவிட எனக்கு வேறு என்ன தெரியும் என்று நினைத்தேன். எங்கள் பேசாலைக் கரையில் தூர இடத்திலிருந்து வந்தவருக்கு ஒரு முறை இருக்கிறது. வந்தவரைக் கதிரையில் இருத்தி, முதல் அகப்பைச் சோறும் மீனின் தலையும் அவருக்கு வைத்து, அவர் சாப்பிட்டுக் கை கழுவும்வரை வீட்டுக்காரர் சோற்றில் கை வைக்கமாட்டார்கள். ஒருநாள் விருந்தாளிக்கே இப்படியென்றால், இத்தனை வருஷம் எங்களுக்காக உழைத்தவளுக்கு எப்படிச் செய்யவேண்டும்? ஒவ்வொரு நாளும் அப்படியே செய்தோம். என் மனுசன், இவர், கடலால் வந்து குளித்துவிட்டுப் பசியோடு கதவு நிலையில் சாய்ந்து நிற்பார். பிள்ளைகள் சுவர் ஓரம் நிற்பார்கள். நான் அகப்பையும் கையுமாகப் பக்கத்திலேயே நிற்பேன். அக்கா சிலுவை போட்டுவிட்டு இரண்டு வாய் வைப்பாள். விளைமீன் தலையில் ஒரு மூலையைக் கிள்ளுவாள். "நல்லாயிருக்கு" என்று சொல்லிக் கையைக் கழுவிவிடுவாள்.

என் சமையலைக் குறை சொல்லிவிட்டு யாரும் நிம்மதியாக இருந்ததில்லை. ஒருமுறை சொதியில் உப்புக் குறைவென்று முகத்தைச் சுளித்த இவருக்கு அந்தக் கிழமை முழுக்க உப்பில்லாத சொதிதான் கிடைத்தது. என்னிடம் குறை சொன்னால் சண்டை பிடிக்கலாம். நல்லாயிருக்கு என்று சொல்லிக்கொண்டே பட்டினி கிடப்பவளோடு எப்படிச் சண்டை பிடிப்பது? நண்டுக் குழம்பு வைத்தேன், ஒடியல் கூழ் காய்ச்சினேன், முருங்கையிலை சுண்டினேன். எல்லாம் நல்லாயிருக்கு. எல்லாம் அப்படியே மிச்சம். இரவில் அவள் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். பயமாக இருக்கும்.

தவக்காலத்தில் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "உண்மையைச் சொல்லுங்கோ அக்கா. உங்களுக்கு என்னதான் வேணும்?"

அக்கா கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். பிறகு, "குபூஸ் ரொட்டி இஞ்ச எங்கயும் கிடைக்குமோ? சாத்தர் போட்டது," என்றாள்.

எங்கள் கடல் மீன் இறங்காது, அம்மாவின் சாவுக்குக்கூட விடாதவர்களின் ரொட்டி இறங்குமாம். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை கொம்பனியில் லீவு சொல்லி அவளைப் பஸ்ஸில் ஏற்றினேன்.

கடைக்கார நானா ஒரு காலத்தில் சவூதியில் லொறி ஓட்டியவர். அவருடைய மனைவி குவைத்தில் வீட்டு வேலை செய்தவ. அவவை நான் ராத்தா என்று கூப்பிடுவேன். கடையின் பின்பக்கத்தில் இரண்டு மேசை போட்டு ரொட்டியும் தேத்தண்ணியும் விற்கிறார்கள். அக்கா சாமான் அடுக்கியிருந்த தட்டுத் தட்டாக மெதுவாகப் போனாள். அரபு எழுத்துப் போட்ட டின் ஒன்றைத் தொட்டாள், விட்டாள். சாத்தர் பக்கற்றை எடுத்து மூக்கருகில் பிடித்தாள். காய்ந்த இலையும் எள்ளும் புளிப்பும் கலந்த தூள் அது. ராத்தா அதை ஒலிவ் எண்ணெயில் குழைத்து, குபூஸின் மேல் பூசி, ரொட்டிக் கல்லில் சுட்டுக் கொண்டுவந்து அக்காவுக்கு முன்னால் வைத்தா.

அக்கா எழும்பிவிட்டாள். ரொட்டியை நாலாகக் கிழித்து என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள். கைகள் இரண்டும் முன்னால் கோத்திருந்தன. கண் என் சாப்பாட்டுக் கோப்பையிலேயே இருந்தது.

"இருங்கோ அக்கா."

"நீ முதல்ல சாப்பிடு. நான் பிறகு."

"உங்களுக்குத்தானே வாங்கினது."

"ஓம். நீ முடி. நான் பிறகு சாப்பிடுறன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ரொட்டி கேட்டவள் நீங்கள், பஸ் ஏறி வந்தது உங்களுக்காக, இப்ப என்ன இந்த நாடகம் என்று சத்தம் போட்டுவிட்டேன். முன்னால் நூடில்ஸ் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஏச்சு வாங்கி வாங்கிப் பழகியவள் நிற்கிற மாதிரி நின்றாள். அதைப் பார்த்ததும் என் சத்தம் அடங்கிப்போயிற்று.

அதற்குள் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். ஜும்ஆத் தொழுகைக்காக நானா கதவைப் பாதி சாத்திவிட்டுப் போனார். ராத்தா எதுவுமே நடக்காததுபோல அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு பாயை விரித்தா. பெரிய வட்டத் தட்டம் ஒன்றில் சோற்றைக் கொட்டி, பருப்பும் கத்தரிக்காயும் பொரித்த மீனும் வைத்தா. அதைத்தான் அவர்கள் சஹன் என்பார்கள். ஆளுக்கொரு கோப்பை கிடையாது. எல்லாரும் சுற்றி இருந்து, அவரவர் முன்னால் உள்ள பக்கத்தில் அள்ளிச் சாப்பிடவேண்டும்.

"ரெண்டு பேரும் வாங்க. எனக்குத் தனியச் சாப்பிட ஏலாது," என்றா. "உங்களுக்கு இண்டைக்கு இறைச்சி கூடாதே. இது மீன்தான்."

ராத்தா பிஸ்மில்லாஹ் சொன்னா. நான் சிலுவை போட்டேன். அக்காவும் போட்டாள். மூன்று கையும் ஒன்றாய்ச் சோற்றுக்குள் போயின. நான் பார்க்காத மாதிரிப் பார்த்தேன். அக்கா சாப்பிட்டாள். மீனின் முள்ளை எடுத்து, சோற்றோடு பிசைந்து, அடுத்த வாய், அடுத்த வாய் என்று சாப்பிட்டாள். முடிவில் அவள் பக்கத்தில் தட்டத்தின் அடி தெரிந்தது. மேசையில் ரொட்டி ஆறிப்போய்க் கிடந்தது.

பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்த அக்கா, நான் கேட்காமலே சொன்னாள். "அங்க நான் ஒருநாளும் இருந்து சாப்பிட்டதில்லை. எல்லாரும் முடிச்ச பிறகு குசினியில நிண்டுகொண்டு. இஞ்ச என்னைக் கதிரையில இருத்திப்போட்டு, மச்சான் கடலால வந்த பசியோட நிக்கிறார், பிள்ளையள் நிக்குதுகள். எல்லாரும் என்ர வாயைப் பாத்துக்கொண்டு நிக்கேக்க எனக்கு எப்பிடி இறங்கும்? நான் கெதியாக் கையைக் கழுவினா நீங்கள் சாப்பிடுவியள் எண்டு கழுவிப்போடுவன்."

"அப்ப ஏன் அந்த ரொட்டியைக் கேட்டனீங்கள்?"

"எனக்கு அது பிடிக்கும் எண்டில்லை. காலமை அந்த வீட்டுப் பிள்ளையளுக்குச் சுடேக்க ஓரத்தைப் பிச்சு வாயில போடுவன். அதை மட்டும் ஒருத்தரும் பாக்கிறேல்லை."

பனங்காட்டைத் தாண்டி பஸ் போய்க்கொண்டிருந்தது. நான் முன் சீற்றின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நாங்கள் செய்த மரியாதைதான் அவளைப் பட்டினி போட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் யாருக்கும் அது விளங்கவில்லை. எல்லாரும் அன்பாகத்தான் நின்றோம்.

மறுநாள் வேலை முடிந்து அதே கடைக்குப் போனேன். கடைசித் தட்டில் துருவேறாத பெரிய தட்டங்கள் அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்தேன். ராத்தா எதற்கென்று கேட்கவில்லை. பேப்பரில் சுற்றித் தந்தா.

அன்று இரவு கதிரையை மூலையில் தள்ளிவிட்டு நிலத்தில் பாய் விரித்தேன். தட்டத்தில் சோற்றைக் கொட்டி, பாரைமீன் குழம்பை நடுவில் ஊற்றினேன். இவர் வந்து பார்த்தார். "இதென்ன, ஆரின்ரையும் நிக்காஹ் கலியாணமோ?" என்று கேட்டார். நான் பார்த்த பார்வையில் பேசாமல் சப்பணம் கட்டி இருந்தார். பிள்ளைகள் இடித்துக்கொண்டு இருந்தார்கள். செபம் சொன்னோம். எல்லாக் கையும் ஒன்றாகப் போயின. ஒருவரும் அக்காவைப் பார்க்கக் கூடாதென்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். எனக்கே அது கஷ்டமாக இருந்தது.

அப்படித்தான் இப்போது ஒவ்வொரு நேரமும் சாப்பிடுகிறோம். சாத்தர் பக்கற் அலுமாரியில் கிடக்கிறது. அக்காவின் முகத்தில் கொஞ்சம் நிறம் வந்திருக்கிறது. போன முறை டொக்டர் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் ஒப்பரேசனுக்குத் திகதி குறிக்கலாம் என்றார். என்ன நடக்குமோ என்ற பயம் எனக்குப் போகவில்லை.

ஆனால் நேற்று மத்தியானம் ஒரு விஷயம் நடந்தது. எல்லாரும் பாதிச் சாப்பாட்டில் இருந்தோம். அக்கா ஒரு வாய் வைத்தாள், மென்றாள், முகத்தைச் சுளித்தாள்.

"புளி கூடிப்போச்சடி," என்றாள்.

இவர் கையை வாய்க்குக் கொண்டுபோகாமல் என்னைப் பார்த்தார். பிள்ளைகளும் பார்த்தார்கள்.

"நாளைக்குக் குறைக்கிறன் அக்கா," என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வாய்க்குச் சோற்றைப் பிசைந்தாள்.