கரைந்துபோன கட்டிக்கு யார் காசு கொடுப்பது

அன்று ஸ்கேன் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: படம் எடுத்த டாக்டரம்மா, நான், என் வீட்டுக்காரர், என் மாமியார், என் அண்ணன். வயிற்றுக்குள் இருந்த என் பிள்ளையையும் சேர்த்தால் ஆறு. அன்றைக்கு நடந்த பேச்சில் அதை யாரும் ஓர் ஆளாக மதிக்கவில்லை என்பதால் ஐந்து என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஒருவருக்கு மேல் உள்ளே வரக்கூடாது என்று கதவில் எழுதியிருந்தது. மூன்று பேரும் வந்தார்கள். டாக்டரம்மா படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்ததிலேயே ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். டாக்டர்கள் பேசுவதில் பாதிதான் புரியும். மீதியைப் பயம் இட்டு நிரப்பிக்கொள்ளும்.

"குழந்தை வயித்துல சின்னதா ஒரு நீர்க்கட்டி தெரியுது. பெரும்பாலும் பொறந்தப்புறம் தானா கரைஞ்சுடும். பெருசானாலோ முறுக்கிக்கிட்டாலோதான் ஆபரேஷன்."

கரைஞ்சுடும் என்றது என் காதில் விழவே இல்லை. முறுக்கிக்கிட்டா என்றது மட்டும் விழுந்தது.

"எதுலங்க கட்டி? குடல்லயா?" என்று மாமியார் கேட்டார்.

"குடல் நல்லாருக்கு."

"கிட்னியிலயா?"

"அதுவும் நல்லாருக்கு. மூத்திரப்பை, ஈரல் எல்லாம் நல்லாருக்கு."

"அப்ப மிச்சம் என்னதாங்க இருக்கு?"

டாக்டரம்மா என் வயிற்றைத் துடைக்கக் காகிதம் நீட்டினார். ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் குற்றம் என்ற பலகை அவர் தலைக்கு மேலேயே தொங்கியது. மாமியார் பலகையைப் பார்த்தார், டாக்டரம்மாவைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார். கட்டி கர்ப்பப்பை பக்கத்துச் சமாச்சாரம் என்று கண்டுபிடிக்க அவருக்கு எந்தப் படிப்பும் தேவைப்படவில்லை. சட்டம் கட்டிக்காத்த ரகசியம் ரெண்டு நிமிஷத்தில் முடிந்துபோனது.

"இது ஏங்க வருது?" என்று நான்தான் கேட்டேன். தாயின் ஹார்மோன் பிள்ளைக்குள் போவதால் வரும், பிறந்த பிறகு அது வற்றினால் கட்டியும் சுருங்கும், யார் மேலும் தப்பில்லை என்றார் டாக்டரம்மா. மாமியார் 'தாயின்' என்ற முதல் வார்த்தையோடு கேட்பதை நிறுத்திக்கொண்டார்.

வெளியே வந்து கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது தீர்ப்பு சொன்னார்: "தாய்கிட்டேருந்து வந்ததுன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. தலைப்பிரசவம் வேற. அதனால இது பொறந்த வீட்டு செலவுதான், தம்பி."

எங்கள் பக்கத்தில் முதல் பிரசவம் அம்மா வீட்டுப் பொறுப்பு. எனக்கு அப்பா அம்மா இல்லை. அந்தப் பாரம் அண்ணன் தலையில். அவன் டெம்போ ஓட்டுகிறவன். டீயை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னான்:

"பிரசவம் என்னுது, அத்தை. இல்லேங்கல. பொறந்தப்புறம் பாக்குற வைத்தியம் ஒங்க வீட்டுப் புள்ளைக்குப் பாக்குற வைத்தியம்."

"கட்டி வந்தது உள்ள இருக்கறப்பதானே?"

"வந்தது உள்ள, எடுக்கறது வெளிய."

என் வீட்டுக்காரர் இதில் எந்தப் பக்கமும் சேரவில்லை. பஜ்ஜி எண்ணெயைப் பேப்பரில் ஒற்றிக்கொண்டிருந்தார். என் பிள்ளைக்குள் ஒரு கட்டி எந்த நேரமும் முறுக்கிக்கொள்ளலாம். இவர்கள் வயல் எல்லைத் தகராறு மாதிரி அதற்கு வரப்பு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஊர் வலங்கைமானுக்குச் சேதி எங்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. நீர்க்கட்டி என்றால் மாதவிலக்கு தள்ளிப்போகிற பெண்களுக்கு வருவது ஒன்றுதான் எல்லோருக்கும் தெரியும். பார்க்க வந்தவர்கள் எனக்கு வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கச் சொன்னார்கள். ஒருத்தி, "பொறக்கறதுக்கு முன்னாடியே கட்டின்னா, நாளைக்கு இத எவன் கட்டுவான்? புள்ள பெக்குமா?" என்று நிஜமாகவே கண்கலங்கினாள். இன்னும் வெளியே வராத பிள்ளைக்கு மாப்பிள்ளை அமையாத கவலை. நானோ புரண்டு படுத்தால் கட்டி முறுக்கிவிடும் என்று ராத்திரி முழுக்க ஒரே பக்கமாகப் படுத்துத் தோள் மரத்துப்போனேன். அடுத்த ஸ்கேனில் அதைச் சொன்னதும் நர்ஸம்மா, "நீங்க எப்படி வேணா படுங்க, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்றார். நான் நம்பவில்லை.

பெண் பிறந்தாள். பிரசவச் செலவு முழுக்க அண்ணன் கட்டினான். தஞ்சாவூரில் குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்கிற டாக்டரிடம் மாதாமாதம் காட்டச் சொன்னார்கள். அவர் பார்த்துவிட்டு, கட்டி அளவில் பெருகவில்லை, உள்ளே வெறும் தண்ணீராகத்தான் தெரிகிறது, கத்தி வைக்க அவசரமில்லை, காத்திருக்கலாம் என்றார். காத்திருப்பது என் மாமியாருக்கு மிகவும் பிடித்துப்போன வைத்தியம். கட்டணம் கேட்கும் கவுன்ட்டரில் மட்டும் கால் வலிக்கிறதென்று உட்கார்ந்துவிடுவார்; ஒவ்வொரு தடவையும் அண்ணன்தான் கட்டினான்.

சம்பா நடவு நடந்த ஒரு மத்தியானம் பிள்ளை நிறுத்தாமல் அழுதது. ரெண்டு தடவை பாலைக் கக்கியது. முறுக்கிக்கொண்டது என்றே நினைத்தேன். முறுக்கினால் ஒரு பக்கத்துச் சினைப்பை அப்படியே செத்துப்போகலாம் என்று தஞ்சாவூர் டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது.

"வாயுவா இருக்கும். ஓமத்தண்ணி குடு. இதுக்கெல்லாம் கார் வச்சுக்கிட்டு ஓடுனா கட்டுப்படியாகுமா?" என்றார் மாமியார். வீட்டுக்காரர் வயலிலிருந்து போனில், "அம்மா சொல்றதக் கேளு" என்றார்.

அண்ணனைக் கூப்பிட்டேன். டெம்போவைப் பாதி லோடோடு நிறுத்திவிட்டு வாடகைக் காரோடு வந்தான். தஞ்சாவூர் போகும் வழியெல்லாம் பிள்ளையின் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, அது அழுதாலும் பயந்தேன், நிறுத்தினாலும் பயந்தேன். டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். முறுக்கவில்லை. கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. அழுகைக்குக் காரணம் வாயுதான்.

"வீண் அலைச்சலாங்க?" என்றேன்.

"இந்தக் கட்டியோட இப்படி அழுதா வரத்தாம்மா வேணும். வந்தது சரி" என்றார்.

வீட்டில் அந்த வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. வாயு என்ற சொல்லை மட்டும் மாமியார் தெரு முழுக்கக் கொண்டுபோனார்.

பிள்ளை தவழத் தொடங்கியபோது எடுத்த கடைசி ஸ்கேனில் கட்டி சுத்தமாக இல்லை. ரெண்டு பக்கமும் நன்றாக இருக்கிறது, இனி வர வேண்டாம் என்றார் டாக்டர். நான் அங்கேயே அழுதுவிட்டேன். அண்ணன் அதற்கப்புறம்தான், பிள்ளை பிறந்த பிறகு ஆன செலவை மட்டும் கேட்டான்.

மாமியார் அவனை உட்காரவைத்து மோர் கொடுத்தார். "கட்டிதான் இல்லைன்னு ஆயிடுச்சே, தம்பி. ஆபரேஷன்னு ஒண்ணு நடந்திருந்தா நாங்க குடுக்காம இருப்போமா? இல்லாத கட்டிக்கு எதுக்குக் காசு?"

"இல்லைன்னு தெரிஞ்சுக்கத்தான் அத்தை காசு."

"கொள்முதலுக்கு நெல்லு போட்ட பணம் வரட்டும் மச்சான், பாப்போம்" என்றார் என் வீட்டுக்காரர்.

நெல் பணம் வந்தது. காதுகுத்துக்குத் தெரு முக்கில் பிளக்ஸ் பேனர் வைத்தார்கள். 'எங்கள் குலவிளக்கு' என்று பிள்ளை படத்துக்குக் கீழே போட்டிருந்தார்கள். மொட்டையடித்து, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தினார்கள். தோடு தாய்மாமன் செலவு.

அண்ணனுக்கு இன்னும் வர வேண்டியது பதினோராயிரத்து நானூறு ரூபாய்.