வளைந்த பின்கண்ணாடி

அந்தக் காரின் பின்கண்ணாடி இரண்டு பக்கமும் வளைந்து முன்னுக்கு வரும். பின்னால் நின்று பார்த்தால் நொய்கெல்ன் தெருவின் மரங்களெல்லாம் அதற்குள் குனிந்து நிற்பது போலிருக்கும். அடிப்படையில் அது சாதாரண ஃபியட்தான்; ஒரு காலத்தில் இத்தாலியில் பிள்ளைகுட்டிகளோடு கடற்கரைக்குப் போனவர்கள் வைத்திருந்த குடும்பக் கார். ஆனால், யாரோ ஒரு பல் வைத்தியர் ஆசைப்பட்டுக் கேட்டதற்காக, தூரின் நகரத்துச் சிறு பட்டறை ஒன்று அதன் மேலுடலைக் கழற்றிவிட்டு, கையால் தட்டியெடுத்த தகட்டில் புதிய உடலைச் செய்து பொருத்தியிருந்தது. அப்படி ஒன்றைத்தான் செய்தார்கள். அதனால் அந்தக் கண்ணாடியும் உலகத்தில் ஒன்றுதான்.

அந்தத் தெருவில், பழைய கார்களைத் திருத்தும் பட்டறையொன்றில் நான் அப்போது வேலை செய்தேன். முதலாளியை மைஸ்டர் என்போம். இருக்கைகளுக்குத் தோல் தைக்க மன்னாரைச் சேர்ந்த அக்கா ஒருவர் இருந்தார். அந்தக் காரின் இருக்கைகளில் பழைய ஊசித்துளைகளைத் தேடித் தேடி, அவற்றுக்குள்ளேயே நூலைக் கோத்தார். “முந்தித் தைச்ச ஆளின்ரை ஓட்டையிலைதான் தைக்க வேணும். இல்லாட்டி சீற் தன்ரை உருவத்துக்கு வராது” என்பார். அவருக்கு டொச், அதாவது இங்கத்தைய ஜெர்மன் மொழி, அவ்வளவாகப் பேச வராது. நான்தான் மொழிபெயர்ப்பேன். இங்கேயே பள்ளிக்கூடம் படித்தவன் என்ற மிதப்பும் எனக்கு இருந்தது.

அன்று மத்தியானம் அக்கா இருக்கைகளைப் பொருத்தி முடித்து, அந்தக் கண்ணாடி பதித்த காரின் பின்கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனார். அதன் பிறகு பூட்டைச் சரிபார்க்க நான் அதைத் திறந்தேன். பூட்டின் திருகாணியை முறுக்கிய திருகுசாவியைக் கதவின் விளிம்பில் வைத்ததை மறந்து கதவை அடித்துச் சாத்தினேன். பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. கண்ணாடியில் ஒரு கோடு மூலையிலிருந்து மூலைக்கு ஓடியது, அவ்வளவுதான். திருகுசாவியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு கைகழுவப் போய்விட்டேன்.

மைஸ்டர் வந்து, அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, “கடைசியாகக் கதவைச் சாத்தியது யார் என்று அவரைக் கேள்” என்றார், அக்காவைக் காட்டி. கேட்டேன்.

“நான் சாத்தினனான்தான். ஆனால் அப்ப கண்ணாடி நல்லா இருந்தது தம்பி. துணியாலை துடைச்சுப்போட்டுத்தான் போனனான்.”

நான் மைஸ்டரிடம் திரும்பி, “கதவைச் சாத்தியது தான்தான் என்கிறார்” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அந்த வாரத்தோடு அக்காவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். கடைசி நாள், கத்தரிக்கோலையும் ஊசிகளையும் துணியில் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார்.

“தம்பி, ‘ஆனால்’ எண்டதுக்கு டொச்சிலை என்ன எண்டு எனக்குத் தெரியும். நான் சொன்னதிலை அது இருந்தது. நீங்கள் சொன்னதிலை இருக்கேல்லை.”

பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டார்.

போன மாதம் பழைய கார்க் கண்காட்சி ஒன்றில் அந்த ஃபியட்டைக் கண்டேன். பின்னால் பிளாஸ்டிக்கில் வளைத்த கண்ணாடி. வெயிலில் மரங்கள் அதில் நெளிந்து தெரிந்தன. இருக்கைகளில் ஒரு தையல்கூட விடவில்லை. பக்கத்தில் மைஸ்டர், ஊன்றுகோலோடு. அவரைக் கண்டதும் ஒளிந்துகொள்ளத்தான் முதலில் நினைத்தேன். பிறகு கிட்டப் போய், கண்ணாடியை உடைத்தது நான் என்று சொன்னேன். அக்கா உண்மையில் சொன்னதையும், முழுவதுமாக, இந்த முறை ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன்.

“அவருக்குத் தெரியுமா?” என்று மைஸ்டர் கேட்டார்.

“அன்றைக்கே தெரியும்.”

“அப்படியென்றால் இத்தனை வருடமாகத் தெரியாமல் இருந்தது நான் மட்டுமா?” என்றார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, கண்காட்சித் துண்டுப்பிரசுரத்தைத் திருப்பிப் பிடித்து, அக்காவின் முகவரியைக் கேட்டார்.

என்னிடம் இல்லை. அக்கா எங்கே போனார், பிறகு வேலை கிடைத்ததா, உயிரோடு இருக்கிறாரா என்று நான் ஒருவரிடமும் விசாரித்ததே இல்லை. அதையும் மைஸ்டரிடம் சொல்ல வேண்டியிருந்தது.