ஒன்பதாவது வீட்டுக் குழாய்

பாதாளச் சாக்கடை இணைப்புக் கொடுக்கும் தொழிலில் தோண்டுவதும் மூடுவதும் பெரிய வேலையே இல்லை. யார் பங்கு எவ்வளவு என்று தெருவை உட்கார வைத்துப் பேசி முடிப்பதுதான் வேலை. மாடி வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவப் பங்கு கேட்டுப் படி ஏறி இறங்கியவர்களுக்கும், பொதுச்சுவருக்கு வெள்ளையடிக்கப் பக்கத்து வீட்டில் பாதிக் கூலி கேட்டு முகத்தைத் தொங்கப்போட்டுத் திரும்பியவர்களுக்கும் நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே கட்சி.

நான் ஒரு சின்னக் காண்டிராக்டரிடம் சூப்பர்வைசராக இருக்கிறேன். வாடிப்பட்டியிலிருந்து தினமும் பைக்கில் மதுரைக்கு வந்து போகிறேன். மெயின் ரோட்டில் பெரிய குழாயைப் பதித்து, தொட்டி கட்டி, மூடி போட்டுவிட்டு அரசாங்கம் நகர்ந்துவிடும். அங்கிருந்து சந்துக்குள் போகும் குழாய்க்குச் சந்துக்காரர்கள் சேர்ந்து செலவைப் போட்டுக்கொள்ள வேண்டும். அந்த ‘சேர்ந்து’ என்கிற ஒரு வார்த்தைக்குத்தான் எனக்குச் சம்பளம்.

வில்லாபுரத்தில் அப்படி ஒரு சந்து. ஒன்பது வீடு. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஏதாவது ஒரு வாசற்படியில் ஏறி நின்று வழிவிட வேண்டும். அங்கே நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

முதல் நாள்

முதல் நாள் வீடு வீடாகப் போய், “குழாய் வரப்போகுது” என்று சொன்னேன். எட்டு வீட்டில் ஒரே கேள்வி: “எம்புட்டு ஆகும்?” கடைசி வீட்டில் மட்டும், “எப்பத் தோண்டுவீங்க?” என்று கேட்டார்கள். கேட்டவர் முத்துலட்சுமி அக்கா. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறார். கணவர் இறந்து பல வருடமாகிறது. கல்லூரியில் படிக்கும் ஒரே மகள்.

சந்து ரோட்டிலிருந்து உள்ளே போகப் போகப் பள்ளம். கடைசி வீடு அடிப்பள்ளத்தில் இருக்கிறது. கழிவு உறிஞ்சும் லாரியின் குழாய் அதுவரை எட்டாது. மழை பெய்தால் அவர்கள் வீட்டுக் குழி நிரம்பி மேலே வந்துவிடும், வடிய நாளாகும். அதுவரை கக்கூஸை நினைத்தே பார்க்க முடியாது. அக்காவுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, சமாளித்துக்கொள்வார். மகளுக்கு இரண்டு பஸ் மாறிப் போகிற கல்லூரி. என்னிடம் இதையெல்லாம் வெட்கப்படாமல், கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார். “மழைக்காலம் வந்துட்டா எம்மக விடிஞ்சதுல இருந்து ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டா தம்பி.”

அடிக்கணக்கு

முதலில் அடிக்கணக்கு போட்டுப் பார்த்தோம். யார் வீட்டுக்கு எத்தனை அடி குழாயோ, அத்தனை அடிக்கு அவர் பங்கு. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இந்த யோசனை முதல் வீட்டுக்காரர் சந்தானம் சாருடையது. தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு மூலையிலிருந்து ரோட்டுத் தொட்டிக்கு எட்டிக் கால் வைத்தால் போய்விடலாம். யோசனை எங்கிருந்து பிறந்தது என்று உங்களுக்கே புரிந்திருக்கும்.

உள்வீட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? “சார் வீட்டுத் தண்ணியும் எங்க தண்ணியும் ஒரே குழாயிலதான ரோட்டுக்குப் போகுது?” என்றார்கள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆபீசில் நாற்பது பேரைக் காக்கவைத்த நிதானம் அது. மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னார். “உங்க எட்டு வீட்டுத் தண்ணி என் வாசல் வழியா போகுதுல்ல, அதுக்கு நீங்கதானப்பா எனக்கு வாடகை தரணும்?”

ஆள் கணக்கு

அடுத்தது ஆள் கணக்கு. எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பங்கு. இந்த ஊரில் ரேஷன் அட்டையில் பெயர் ஏற்றுவதற்கு ஜனங்கள் படும் பாட்டைப் பார்த்தவன் நான். அதே ஜனங்கள் சாக்கடைக்குப் பெயர் இறக்குவதையும் அன்றைக்குப் பார்த்தேன். ஒரு வீட்டில் மருமகள் பிரசவத்துக்குத் தாய் வீடு போய்விட்டாளாம். இன்னொரு வீட்டில் மாமனார் நாலு மாதம் இங்கே, மிச்சம் மற்ற மகன்கள் வீட்டிலாம், ஆகவே அவரை முழு ஆளாகச் சேர்க்கக் கூடாதாம். அந்த மாமனார் அப்போது என் முன்னாலேயே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

நான்காம் வீட்டு மாரியப்பண்ணன் மாவு மில் வைத்திருப்பவர். சந்து முனையில் இருக்கும் காளியம்மன் கோயில் பொங்கலுக்கு வரி வசூலிப்பதும் அவர்தான். கோயில் காரியத்தில் அவர் கை சுத்தம் என்று எல்லோரும் சொல்வார்கள். அவர் தன் வீட்டில் இரண்டே பேர் என்றார். மூத்த மகனை நேற்றுத்தான் சந்தில் பார்த்தேனே என்றேன். கோயம்புத்தூரில் வேலை, வாரா வாரம் வந்து போவான் என்றார். அப்படியானால் கால் பங்காவது போடலாமா என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்கவில்லை. “சனிக்கிழமை வாரான், ஞாயித்துக்கிழமை போறான். எல்லாம் அங்கயே முடிச்சுட்டுத்தான் தம்பி வண்டி ஏறுவான்.”

கக்கூஸ் கணக்கு

ஆளை மறைக்கலாம், கக்கூஸை மறைக்க முடியாது என்று நினைத்து அந்தக் கணக்குக்குத் தாவினேன். அதையும் மறைத்தார்கள். ஆறாம் வீட்டு ஈஸ்வரிக்கு மாடியில் ஒன்று, கீழே ஒன்று. நான் கீழே உள்ள கதவைத் திறந்து பார்க்கும்போது பீங்கானின் மேல் பலகை போட்டு, பலகையின் மேல் அரிசி மூட்டை, மூட்டையின் மேல் தையல் மிஷின் மூடி. சாமான் ரூம் என்றார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே மாடியில் குடியிருக்கும் பையன் வேகமாக இறங்கி வந்தான். மேலே தண்ணீர் வரவில்லை போலிருக்கிறது. எங்களைக் கவனிக்கவில்லை. பழகிய கையால் மூடியை எடுத்தான், மூட்டையை நகர்த்தினான், பலகையைச் சாய்த்து வைத்தான், கதவைச் சாத்திக்கொண்டான். ஈஸ்வரி முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. “எப்பவும் சாமான் ரூம்தாண்ணே. அவசரத்துக்கு மட்டும்தான் கக்கூஸ்.”

தலைக்கட்டு

மூன்று கணக்கும் குப்புற விழுந்த பிறகு கோயில் முன்னால் ஆண்கள் கூடினார்கள். மாரியப்பண்ணன்தான் சொன்னார்: பொங்கலுக்குப் போடுகிற மாதிரி தலைக்கட்டு வரி போட்டுவிடலாம் என்று. கல்யாணமாகித் தனி உலை வைக்கிற ஒவ்வொரு ஆண்பிள்ளையும் ஒரு தலைக்கட்டு. வீடு பெரிதோ சிறிதோ, பிள்ளை ஒன்றோ ஐந்தோ, வரி ஒன்றுதான். அத்தனை நாள் அடிக்கும் ஆளுக்கும் கக்கூஸுக்கும் மல்லுக்கட்டியவர்கள், டீ கிளாஸ் காலியாவதற்குள் தலையாட்டிவிட்டார்கள். சந்தானம் சார்கூட வாயைத் திறக்கவில்லை. சாமிக்குப் போடுகிற கணக்கில் பேரம் பேசினால் நாளைக்குத் தெருவில் நடக்க முடியாதல்லவா? எனக்கு உண்மையிலேயே ஆச்சரியம். இவ்வளவு நல்ல கணக்கைக் கையில் வைத்துக்கொண்டா என்னை இப்படி அலையவிட்டார்கள்?

ஆனால் அவர்கள் சொன்னது எட்டுத் தலைக்கட்டு. சந்தில் வீடு ஒன்பது. விட்டுப்போனது எது என்று கேட்டேன். மாரியப்பண்ணன் குரலை இறக்கினார். அதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. சொல்லப்போனால் இரக்கம்தான் இருந்தது. “முத்துலட்சுமி வீடு தலைக்கட்டு இல்ல தம்பி. அவுக வீட்டுக்காரர் போனதுல இருந்து அங்க நாங்க வரி வாங்குறதில்ல, பாவம்ல?”

சுண்ணாம்புக் கோடு

மறுநாள் காலை, தோண்ட வேண்டிய இடத்துக்குச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டேன். வரி போட்ட எட்டுத் தலைக்கட்டுக்கு மட்டும்தான் குழாய் என்று எனக்கு வந்த உத்தரவுப்படி கோடு எட்டாம் வீட்டு வாசலில் நின்றது. முத்துலட்சுமி அக்கா வேலைக்குக் கிளம்பி வெளியே வந்தவர், கோடு முடிந்த இடத்தில் நின்றுவிட்டார். என்னால்தான் அங்கே நிற்க முடியவில்லை.

நேராக மாரியப்பண்ணனிடம் போய்ச் சொன்னேன். குழாய்க்கு வாட்டம் முக்கியம். சாய்வு இல்லாவிட்டால் தண்ணீர் ஓடாது. கடைசி வீடு பள்ளத்தில் இருக்கிறது. அதையும் சேர்ப்பதாக இருந்தால் ரோட்டுப் பக்கம் இன்னும் ஆழமாகத் தோண்டி, இப்போதே தணித்துப் பதிக்க வேண்டும். எட்டு வீட்டுக்கு மட்டும் என்று மேலாகப் பதித்துவிட்டால் பிறகு அந்த வீட்டுத் தண்ணீர் இந்தக் குழாயில் ஏறவே ஏறாது. இன்றைக்கு இல்லை என்றால் அந்த வீட்டுக்கு என்றைக்கும் இல்லை.

மறுபடி கூட்டம். இந்த முறை அக்காவும் வந்திருந்தார். மனிதர்கள் மோசமில்லை. “எட்டுப் பேரும் சேந்து அந்த வீட்டுக்கு இனாமாப் போட்டுக் குடுத்துருவோம்” என்று உடனே சொன்னார்கள். அக்கா சேலை முந்தானை முடிச்சை அவிழ்த்து, வரியை முழுசாக எடுத்து நீட்டினார். ஒருவரும் கை நீட்டவில்லை. தாலியறுத்தவளிடம் வரி வாங்குவதா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தவிர, வரி வாங்கினால் அவர் தலைக்கட்டு. தலைக்கட்டு என்றால் பொங்கல் கூட்டத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், கிடா வெட்டினால் கறிப்பங்கு கொடுக்க வேண்டும். குழாய்க்கு வந்த பேச்சு எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. இனாமாகக் கிடைப்பதை ஏன் வேண்டாம் என்கிறாய் என்று யாரோ கேட்டார்கள். அக்கா நீட்டிய கையை மடக்கவில்லை. “நாளைக்குக் குழா அடைச்சா, ஓசி வீட்டாலதான் அடைச்சுச்சுன்னு எல்லாரும் என் வாசல்ல வந்து நிப்பீங்க. வரி குடுத்தா நானும் ஒரு வார்த்தை திருப்பிக் கேப்பேன்ல?”

வகுத்தல்

இரண்டு நாள் வேலை நின்றது. ஆட்கள் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டுக் கோயில் வேப்பமரத்தடியில் தூங்கினார்கள். காண்டிராக்டர் போனில் என்னைத் திட்டினார். மேற்கே மேகம் வேறு கட்டிக்கொண்டு நின்றது. எனக்கு இதிலெல்லாம் தலையிட உரிமை இல்லை. குழாய்தான் என் வேலை. இருந்தாலும் எரிச்சலாக வந்தது. இத்தனை பேர் இரக்கப்பட்டும் ஒரு பெண்பிள்ளை காலையில் தண்ணீர் குடிக்க முடியவில்லையே என்று.

மூன்றாம் நாள் தீர்த்துவைத்தது தர்மமும் இல்லை, நியாயமும் இல்லை, சந்தானம் சார். பழைய மின்சார பில்லின் பின்பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டு வந்தார். இனாமாகக் கொடுத்தால் கூடுதல் ஆழம், கூடுதல் குழாய் எல்லாம் எட்டுப் பேர் தலையில். வரி வாங்கினால் மொத்தச் செலவும் ஒன்பது பங்கு. பேப்பரை மாரியப்பண்ணன் கையில் கொடுத்தார். அது கை மாறி எட்டுப் பேரையும் சுற்றி வந்தது. பேப்பர் போன வழியெல்லாம் பாவ புண்ணியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதைக் கண்ணால் பார்த்தேன். மாரியப்பண்ணன் மட்டும் இன்னும் தயங்கினார். சார் அவர் தோளில் கை வைத்தார். “சம்பிரதாயத்தை நான் கொறை சொல்லலப்பா. ஒம்பதால வகுத்தா உனக்கே எம்புட்டு மிச்சம்னு பாத்துட்டு அப்புறம் பேசு.”

மஞ்சள் தண்ணீர்

மாரியப்பண்ணன் அக்காவின் பணத்தைச் சாமிக்கு வரி வாங்குகிற மாதிரியே இரண்டு கையாலும் வாங்கி, அவரிடம் காளியம்மன் குங்குமத் தட்டை நீட்டினார். நீட்டிய பிறகுதான் யாருக்கு நீட்டுகிறோம் என்று உறைத்திருக்க வேண்டும். கை பாதியில் நின்றது. அக்கா குங்குமத்தை விட்டுவிட்டு, தட்டிலிருந்து ஒரு சிட்டிகை திருநீற்றை எடுத்துக்கொண்டார். இருவருக்கும் சங்கடம் தீர்ந்தது.

குழாய் தணித்துப் பதித்தோம். மழை முந்துவதற்குள் மூடிவிட்டோம். வேலை முடிந்தால் கடைசி வீட்டில் ஒரு வாளி நிறத்தண்ணீர் ஊற்றி, ரோட்டுத் தொட்டியில் வருகிறதா என்று பார்ப்பது எங்கள் வழக்கம். அக்கா ஒரு வாளியில் மஞ்சளைக் கரைத்து ஊற்றினார். மொத்தச் சந்தும் ரோட்டில் தொட்டியைச் சுற்றிக் குனிந்து நின்றது. முதலில் பார்த்தவர் சந்தானம் சார். அறுபது வயதைத் தாண்டிய மனிதர் சின்னப் பிள்ளை மாதிரி சந்துக்குள் ஓடி வந்தார். “வந்துருச்சும்மா! ஒன் தண்ணி வந்துருச்சு!”

கறிப்பங்கு

அந்த வருடப் பொங்கலுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கறிப்பங்கு பிரிக்கும்போது மாரியப்பண்ணன் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். எட்டுப் பெயர் முடிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, “முத்துலட்சுமி தலைக்கட்டு” என்றார். கூட்டத்திலிருந்து யாரோ, “போங்கத்தா, வாங்குங்க” என்றார்கள். அக்கா போய் வாங்கினார்.

திரும்பி வரும்போது என்னைப் பார்த்து நின்றார். தலைக்கட்டு ஆகிவிட்டீர்களே, இனி வருடா வருடம் வரி உண்டு என்று கேலி செய்தேன். சிரிக்கவில்லை. இலைப் பொட்டலத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். “கறி கெடக்கட்டும் தம்பி. இந்த மழைக்கு எம்மக தெனம் ஒரு சொம்பு தண்ணி குடிச்சுட்டுத்தான் பஸ் ஏறுனா.”

அடி, ஆள், கக்கூஸ் என்று எல்லாக் கணக்கையும் பார்த்துவிட்ட அந்தச் சந்தில், எங்கள் வேலையால் ஒரு தலைக்கட்டு கூடியதற்கு மட்டும் எந்தத் தலைப்பில் பில் போடுவதென்று காண்டிராக்டருக்கு இன்றுவரை தெரியவில்லை.