மூடி கழற்றாத கார்டு

கல்யாண வீடியோ எடிட்டிங்குக்காக, பளபளக்கும் விளக்கு வைத்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டு, மெமரி அதிகமுள்ள கிராபிக்ஸ் கார்டாகப் பார்த்து வாங்கினேன். பீங்கான் பட்டறைத் தூசி பறக்கும் எங்கள் தெருவில் எதையும் மூடியேதான் வைப்போம். அதனால் கார்டின் பின்பக்கம் ஒயர் சொருகும் துளைகளில் இருந்த ரப்பர் மூடிகளைக் கழற்றவில்லை. கார்டைக் கம்ப்யூட்டருக்குள் பொருத்தி, மானிட்டர் ஒயரைப் பழைய இடத்திலேயே விட்டு, சந்தனம் குங்குமம் வைத்துக் கம்ப்யூட்டரைப் போட்டேன். திரையில் மணப்பெண் முன்போலவே திக்கித் திக்கி நடந்தாள்.

கடைக்காரரைப் போனில் பிடித்து, "பழைய சரக்கைத் தலையில கட்டிட்டீங்களே!" என்று கத்தினேன்.

பின்னால் எட்டிப் பார்த்த மனைவி, "புதுசுல ஒயரே மாட்டலியேங்க?" என்றாள்.

மூடியைக் கழற்றி, ஒயரை மாற்றிச் சொருகினேன். மணப்பெண் தடங்கலில்லாமல் மேடையேறினாள். மனைவி என் போனை எடுத்து நீட்டினாள்.

"கடைய இன்னும் சாத்தியிருக்க மாட்டாரு. பேசுங்க."