ரூத் அக்கா வீடும் நூறடிக் கோபுரமும்

வீடு கட்டுகிற காண்டிராக்டருக்கு ஒரே ஒரு ஓனர்தான், மிஞ்சிப்போனால் கூடவே அவர் வீட்டம்மா; சர்ச் கட்டுகிற காண்டிராக்டருக்கோ காணிக்கை போட்ட அத்தனை பேரும் ஓனர். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் சர்ச், சர்ச்சை ஒட்டிய மண்டபம், சுற்றுச்சுவர் என்று கட்டிப் பிழைக்கிறவன் நான். ஏதாவது ஒரு கட்டடக் கமிட்டியில் ஒரு தடவையாவது உட்கார்ந்து, ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டு, தரைக்கு கிரானைட்டா டைல்ஸா என்ற சண்டையை மதியச் சாப்பாடு வரைக்கும் கேட்டிருக்கிற சக பாவிகளே, இது உங்களுக்காக. மற்றவர்கள் சும்மா கூடவே வரலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன்தான், கே.கே. நகரில். எங்கள் சபையிலும் இதே கூத்துதான். அங்கே காண்டிராக்ட் எனக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இங்கே சொல்லப்போவது கோச்சடைப் பக்கம் நான் எழுப்பிய ஒரு கோபுரத்தைப் பற்றி. பில் எல்லாம் செட்டில் ஆகிவிட்டது. ஆனாலும் அந்த வழியாக வண்டியில் போனால் என்னால் உள்ளே எட்டிப் பார்க்காமல் போக முடிவதில்லை. மனசு ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

எவ்வளவு உயரம்?

கமிட்டிச் செயலாளர் தேவசகாயம் சார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். முதல் கூட்டத்தில் அவர் மண் எப்படி என்று கேட்கவில்லை, செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்கவில்லை. பரவைப் பக்கம் புதிதாக வந்திருக்கிற இன்னொரு சர்ச்சின் கோபுரம் எத்தனை அடி என்று கேட்டார். எழுபது இருக்கும் என்றேன். "அப்ப நமக்கு நூறு" என்று சொல்லி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். விவாதம் முடிந்தது.

சிக்கல் என்னவென்றால், கோபுரம் வரவேண்டிய மூலையில் ஏற்கெனவே ஒரு வீடு இருந்தது. ஒரே அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ். சர்ச்சைப் பெருக்கி, மணி அடித்து, பாட்டுப் புத்தகம் எடுத்துவைக்கிற ரூத் அக்காவின் வீடு அது. வீட்டுக்காரர் பார்த்த வேலையை, அவர் இறந்த பிறகு அக்கா பார்க்கிறார். வேலையோடு வந்த வீடு, வேறு போக்கிடம் கிடையாது. அதனால் பிளானில் அவருக்கும் ஒரு குடியிருப்பு போட்டிருந்தேன்: ரெண்டு அறை, கான்கிரீட் தளம், உள்ளேயே குளியலறை. கமிட்டி கைதட்டியது. அந்தக் குடியிருப்பை முதலில் கட்டிவிட்டு அப்புறம் பழைய வீட்டை இடிக்கலாமே என்று கேட்டேன். தேவசகாயம் சார் என் தோளில் தட்டினார்.

"முதல்ல ஆண்டவர் வீடு எந்திரிக்கட்டும் இன்ஜினியர். ரூத்து வீடு அப்புறம் தன்னால எந்திரிச்சிரும்."

சுருங்கிக்கொண்டே போன வீடு

வீட்டை இடித்த அன்றே ரூத் அக்கா தன் டிரங்குப் பெட்டி, அடுப்பு, கோழிகளோடு என் சிமெண்ட் ஷெட்டுக்குக் குடிவந்துவிட்டார். ரெண்டு மாசம்தானே என்றார்கள். வைகைக் கரை ஓரம். தோண்டினால் மணல், அதற்கும் கீழே தண்ணீர். அஸ்திவாரத்துக்கே போட்ட கணக்கு எகிறிவிட்டது. உடனே ஒரு கூட்டம். குளியலறையை எடுத்துவிடலாம் என்றார்கள், எடுத்தேன். கோபுரத்தில் கடிகாரம் வைக்க ஆசைப்பட்டு இன்னொரு கூட்டம். ரெண்டு அறை ஒரு அறை ஆனது. சிலுவைக்கு விளக்கு அலங்காரம் என்றார்கள். கான்கிரீட் கூரை போய் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வந்தது. ஒவ்வொரு தடவையும் நான்தான் பென்சிலை எடுத்து அந்த வீட்டைச் சிறிசாக்கி வரைந்தேன். கடைசியில் அது "இரண்டாம் கட்டப் பணி" என்ற தலைப்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. கட்டடக்காரன் அகராதியில் இரண்டாம் கட்டம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் கொத்தனார் பாண்டி கரணையைக் கழுவிக்கொண்டே சொன்னான்:

"அண்ணே, இன்னும் ஒரு மீட்டிங் போட்டாங்கன்னா அந்த அக்காவுக்கு வாசப்படி மட்டுந்தான் மிஞ்சும்."

சேவல் ஏலம்

அறுப்பின் பண்டிகை என்றால் தெரியாதவர்களுக்கு: சபையார் தங்கள் தோட்டத்தில் விளைந்தது, வீட்டில் வளர்த்தது, அடுப்பில் சுட்டது எல்லாவற்றையும் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் அதெல்லாம் ஏலத்துக்கு வரும். ஒரு பூசணிக்காய் தங்க விலைக்குப் போகும். பூசணிக்காய்க்காக யாரும் கேட்பதில்லை. மைக்கில் பெயர் வரும் என்பதற்காகக் கேட்பது. ஜெயித்தவர் அதையே திரும்பக் கொடுத்து "மறுபடி ஏலம் விடுங்க" என்றால் இன்னொரு கைதட்டல் கிடைக்கும்.

அந்த வருஷம் வசூல் முழுக்கக் கோபுரத்துக்கு. ரூத் அக்கா தன் சேவலைக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குக் கமிட்டியில் இருக்கிற ஒரு டாக்டரும் ஒரு மார்பிள் கடைக்காரரும் முட்டிக்கொண்டார்கள். சேவல் மூன்று தடவை ஏலம் போனது; ஏறின விலையில் அக்காவின் வீட்டுக்குக் கதவு ஜன்னல் எல்லாம் போட்டிருக்கலாம். கடைசியில் அது டாக்டரின் காரில் ஏறியது. டாக்டர் நல்ல மனுஷன், ரூத் அக்காவுக்குச் சர்க்கரை மாத்திரை சும்மாவே கொடுக்கிறவர். அந்தத் தைரியத்தில் அவரை ஓரமாகக் கூப்பிட்டு, குடியிருப்புச் செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் என்ன சார் என்று கேட்டேன். நிஜமாகவே யோசித்தார்.

"செய்யலாம் தம்பி. ஆனா அது பின்னாடில்ல வருது? அங்க என் பேர்ல கல்வெட்டு வச்சா ரூத்தும் அவ கோழியுந்தான் படிக்கும்."

இரண்டு காசு

அறுபது அடியில் பணம் தீர்ந்து கோபுரம் நின்றுபோனது. மேலே கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்க, சபையாருக்கு அக்கம்பக்கத்தில் தலைகாட்டவே கூச்சம். போதகர் அடுத்த ஞாயிறு ஏழை விதவையின் காணிக்கையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பழைய ஸ்கூட்டரில் போய்வருகிறவர், ஒரு பைசா தொடாதவர், உருகித்தான் பேசினார். தன்னிடம் இருந்த ரெண்டே காசையும் போட்ட அந்த விதவையைச் சொல்லும்போது பாதிப் பேர் அழுதுவிட்டார்கள். தட்டு நிறைந்தது. கடைசி வரிசையில் நின்ற ரூத் அக்காவும் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் போட்டதைப் பார்த்தேன்.

எல்லாரும் போன பிறகு அக்கா பெருக்கிக்கொண்டிருந்தார். நான் சாரக்கட்டைப் பார்க்கிற சாக்கில் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தேன். துடைப்பத்தை நிறுத்தாமல், யாரையும் குத்திக்காட்டுகிற குரலில் இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலத்தான் கேட்டார்.

"ஏன் தம்பி, அந்த அம்மா கையில இருந்ததெல்லாம் போட்ருச்சு, சரி. அன்னைக்குப் பொழுதடைய எங்க போயி படுத்துச்சுன்னு ஐயா சொல்லவே இல்லையே?"

மதுரையிலேயே உயரமான வீடு

கோபுரம் நூறைத் தொட்டது. பிரதிஷ்டைக்குப் பேராயர் வருகிறார், வளாகத்தில் சிமெண்ட் ஷெட் நின்றால் அசிங்கம், பிரித்துவிடுங்கள் என்றார்கள். ஷெட்டைப் பிரித்தால் அக்கா எங்கே போவது? கோபுரத்தின் கீழ்த்தளம் காலியாகத்தானே இருக்கிறது, தற்காலிகமாக அங்கே இருக்கட்டும் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஜன்னல் கிடையாது. கால் நீட்டிப் படுத்தால் சுவர் இடிக்கும். இடிதாங்கிக் கம்பி அந்தச் சுவரை ஒட்டித்தான் பூமிக்குள் இறங்குகிறது. எனக்கு மனசு ஒப்பவில்லை.

அக்காவுக்கோ அப்படி எதுவும் இல்லை. அதுதான் என்னை இன்னும் போட்டுப் படுத்தியது. அவருக்கு அந்தக் கோபுரத்தின் மேல் என்னைவிடப் பெருமை. பரவையில் இருக்கிற தங்கச்சியிடம் போனில், "உங்க கோபுரம் எங்க கோபுரத்துக்கு இடுப்பளவுகூட வராதுடி" என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். வாசலுக்கு ஒரு சேலையைத் திரையாகக் கட்டி, அடுப்பை மூலையில் வைத்து, என்னை உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தார். அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்.

"மதுரையில இம்புட்டு ஒசரமான வீடு எவளுக்கு இருக்கு தம்பி? மீனாட்சிக்கு அடுத்து நாந்தான்."

ஜெனரேட்டர்

கொஞ்ச நாளில் துபாயில் இருக்கிற சபையார் ஒருவர் ஜெனரேட்டர் ஒன்றை நன்கொடையாக அனுப்பிவைத்தார். மழை படாத இடம் வேண்டும். கமிட்டி கண்ணில் பட்டது கோபுரத்தின் கீழ்த்தளம்தான். ரூத் பரவையில் தங்கச்சி வீட்டில் இருந்துகொண்டு பஸ்ஸில் வந்து மணி அடிக்கட்டும் என்று கூட்டத்தில் சொன்னார்கள். விடியற்காலை முதல் மணிக்கு எந்த பஸ்? தங்கச்சி வீட்டில் ஏற்கெனவே மகனும் மருமகளும் படுக்க இடமில்லாமல் கிடக்கிறார்கள். எனக்கு இதில் ஒரு வேலையும் இல்லை, ஒயரிங் பார்க்க வந்தவன். ஆனாலும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "அங்கே ஒரு ஆள் குடியிருக்கு சார்" என்று கத்தியே விட்டேன். தேவசகாயம் சார் கோபப்படவில்லை. வகுப்பில் புரியாத பையனுக்கு விளக்குவதுபோலப் பொறுமையாகச் சொன்னார்.

"ரூத்து நம்ம ஆளுதான இன்ஜினியர், கோவிச்சுக்க மாட்டா. ஜெனரேட்டர் குடுத்தவரு கோவிச்சுக்குவாரு."

குண்டுத் தூண்

அதே கூட்டத்தில் அடுத்த விஷயம், ரோட்டைப் பார்த்த மாதிரி ஒரு நுழைவு வளைவு. பிளானும் எஸ்டிமேட்டும் கொண்டு வா என்று எனக்கே சொன்னார்கள். வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். "இந்த வேலை வேணாம்னு சொல்லிட்டு வாங்களேன், ஏன் இப்படி கூண்டுக்குள்ள நடக்குற மாதிரி நடக்குறீங்க?" என்றாள் மனைவி. வேண்டாம் என்று சொல்ல நினைத்துத்தான் பேப்பரை எடுத்தேன். ஆனால் கை வேறு ஒன்றை வரைந்தது. வளைவுக்கு ரெண்டு தூண். வலது தூண் ஒல்லி. இடது தூண் மட்டும் ஒரு லாரியே உள்ளே நிற்கிற அகலமும் நீளமும். உள்ளே வெற்று. வளாகத்தைப் பார்த்து ஒரு கதவு, ரெண்டு ஜன்னல். சமையல் மேடை. குளியலறை. மேலே கான்கிரீட், ஏனென்றால் வளைவைத் தாங்க வேண்டுமே, அதை யாரும் ஷீட்டாக்க முடியாது. ரோட்டைப் பார்த்த பக்கம் முழுக்க வெறும் சுவர். எதற்கும் பெயர் எழுதவில்லை. "தூண்" என்று மட்டும் எழுதினேன்.

அடுத்த கூட்டத்தில் அதை நீட்டினேன். தேவசகாயம் சார் பிளானை விரித்து, விரலை அதன்மேல் ஓட்டினார். "ஒரு தூண் மட்டும் ஏன் இம்புட்டு குண்டா இருக்கு?" என்றார். "கல்வெட்டு வைக்க இடம் வேணும்ல சார். ரோட்டுல போற அத்தனை பேரும் படிக்கிற சுவரு" என்றேன். அவர் விரல் குளியலறையின் மேல் போய் நின்றது. பரீட்சையில் பிட் அடிக்கிற பையனைப் பார்த்தும் பார்க்காததுபோல நகர்கிற வாத்தியார் மாதிரி, விரல் மெதுவாக அங்கிருந்து நகர்ந்தது. அதற்குள் டாக்டர், அந்தச் சுவர் முழுக்க என் செலவு என்றார். மார்பிள் கடைக்காரர் எழுந்து நின்று, அப்போ எனக்கு எந்தச் சுவர் என்றார். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒத்தப் பக்கம் குண்டா இருந்தா நல்லாவா இருக்கும்? அந்தப் பக்கமும் அதே மாதிரி போட்ருங்க இன்ஜினியர்."

குடிபுகுந்த நாள்

வளைவு வேலை நடக்கும்போது ரூத் அக்கா மறுபடியும், புதிதாகப் போட்ட என் சிமெண்ட் ஷெட்டில்தான் இருந்தார். கோபுரத்துக்குள் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. தளம் காய்ந்ததும் அக்கா இடது தூணுக்குள் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தார். குளியலறைக் குழாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தார். ஆனால் வலது தூண் இன்னும் காலியாக நிற்கிறது. பக்கத்துத் தெருவில் வாடகை கொடுக்க முடியாமல் திணறுகிற ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கலாம் என்று போதகர் சொல்கிறார். ஏசி போட்டு விருந்தினர் அறை ஆக்கலாம் என்று கமிட்டி சொல்கிறது. போன வாரம்கூடப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எனக்கு இன்னும் நிம்மதி இல்லை என்பது அக்காவுக்கும் தெரிந்திருக்கிறது. கிளம்பும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"தம்பி, உள்ள ஆளு இருக்கிறது வெளிய தெரியாமப் பார்த்துக்கங்க. தெரிஞ்சா இதுலயும் எதையாச்சும் கொண்டாந்து வச்சிருவாங்க."

ஆகவே, சக பாவிகளே, கோச்சடைப் பக்கம் போகும்போது அந்த வளைவைக் கண்டால் நின்று கல்வெட்டை நிதானமாகப் படியுங்கள், நன்கொடையாளர் மனம் குளிரட்டும், ஆனால் தயவுசெய்து தூணை மட்டும் தட்டிப் பார்க்காதீர்கள்; உள்ளேயிருந்து ரூத் அக்கா "யாரு?" என்று கேட்டுவிடுவார்.