ஓரம் வெட்டிய நோட்டுகள்

போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். நான் வேலை பார்த்த நூலகத்தில் கிடக்கும் பழைய ஃபிலிம் சுருள்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றப் போகிறார்களாம். டிஜிட்டல் ஆவணக் காப்பகம் என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். "எண்பதுகள்லயே நீங்க இதை ஆரம்பிச்சிருக்கீங்க மேடம், அதப் பத்திப் பத்து நிமிஷம் வந்து பேசணும்" என்றாள். முழங்கால் வலி என்று சொல்லித் தட்டிக் கழித்தேன். வலி உண்மைதான். போகாததற்குக் காரணம் அதுவல்ல.

அது அரசாங்க நூலகம் இல்லை. தர்மபுரி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில், நான்கு பெரிய மனிதர்கள் சேர்ந்து சங்கம் வைத்து நடத்தியது. நூலகர் என்று நான் ஒருத்தி. புத்தகத்துக்கு எண் போடுவதும் நான்தான், ஒட்டடை அடிப்பதும் நான்தான், ஃபேன் நின்றுபோனால் எலக்ட்ரீஷியன் வீட்டுக்கு நடப்பதும் நான்தான். சங்கத்துச் செயலாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எண்பதுகளின் நடுவில் ஒரு தடவை சென்னையில் ஏதோ கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தார். பழைய காகிதங்களை மைக்ரோஃபிலிமில் படம் எடுத்துவிட்டால் அழிவே கிடையாது என்று அங்கே யாரோ சொல்லிவிட்டார்கள். வந்த மறுநாளே 'ஆவணப் பாதுகாப்புத் திட்டம்' என்று போர்டு எழுத ஆள் பிடித்துவிட்டார். போர்டுக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்ய நான் இருந்தேன்.

முதல் வேலை, காகிதம் சேகரிப்பது. வாரத்தில் இரண்டு நாள் தோளில் பையை மாட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறுவேன். செயலாளருக்கு ஓலைச்சுவடி வேண்டும், செப்பேடு வேண்டும். ஜனங்கள் கொடுத்ததோ வேறு. பென்னாகரத்தில் ஒரு வீட்டில் பெரிய மூட்டையாகக் கொடுத்தார்கள். திறந்தால் பத்து வருஷத்துப் பஞ்சாங்கமும் ஓர் ஒடிந்த குடையும். வத்தல்மலைக்கு நடந்தே ஏறினேன். நல்ல மனுஷர்கள், ராகிக் கூழ் கொடுத்து உட்காரவைத்தார்கள். காகிதம் கேட்டதற்கு, "எழுதி வச்சிருந்தாத்தானுங்க இருக்கும்" என்று சிரித்தார்கள். இறங்கும்போது செருப்பு அறுந்துபோனது. எனக்கு அப்போது முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை, ஆனால் அந்த வருஷம் முழுக்க அறுபது வயதுக்காரி மாதிரிதான் நடந்தேன்.

சேலத்திலிருந்து திரும்பிய ஒரு நாள் தொப்பூர் மலைப்பாதையில் பஸ் நின்றுவிட்டது. வேறு பஸ் வரும்வரை ரோட்டோரத்து ஓட்டலில் போய் உட்கார்ந்தேன். ஓட்டல் ஒரு பாயுடையது. பையில் என்ன இவ்வளவு கனம் என்று கேட்டார். நானும் அலுப்பில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஊரெல்லாம் அலைகிறேன், குப்பையைத்தான் கொடுக்கிறார்கள் என்றேன். அவர் இன்னொரு டீ கொடுத்தார்.

அடுத்த வாரம் மூன்று நோட்டுகளைக் கயிறு போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டு நூலகத்துக்கே வந்துவிட்டார். லாரிகள் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் பாதை அது. பிரேக் பிடிக்காமல் கவிழ்ந்தால் முதலில் தண்ணீர்ச் செம்போடு ஓடுவது பாய்தான். இருபது வருஷமாக ஓடியிருக்கிறார். ஓடிய ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து நோட்டில் எழுதியிருக்கிறார்.

"இது போலீஸ் எழுதுறாப்பல இல்லீங்கம்மா" என்று நோட்டை விரித்துக் காட்டினார். "வண்டி நெம்பரு, தேதி, எந்த வளைவு, அதெல்லாம் நடுவுல இருக்கு. சாவுறப்ப அந்த ஆளு என்ன சொன்னான்னு இந்த ஓரத்துல எழுதியிருக்கேன். வூட்டு ஆளுங்க என்னைக்காவது ஒரு நாள் வருவாங்க. வந்தா மொதல்ல அதத்தான் கேப்பாங்க. சொல்லிட்டா செவப்புல ஒரு கோடு இழுத்துருவேன்."

தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதி, வலது கைப் பக்கமாக ஒரு விரற்கடை இடம் விட்டு, அதில் பொடி எழுத்தில் நெருக்கி எழுதியிருந்தார். பாதிக்குமேல் சிவப்புக் கோடு இல்லை.

"இப்பல்லாம் எனக்கு மறந்து போவுதுங்க. காலைல யாருக்கு டீ போட்டன்னு மத்தியானம் தெரிய மாட்டேங்குது. ஓட்டல்ல வச்சா எண்ணெய் பட்டு வீணாப் போயிரும். நீங்க வச்சிருந்தீங்கன்னா, வர்றவங்கள இங்க அனுப்பிருவேன்."

யார் வந்து கேட்டாலும் நானே எடுத்துப் படித்துக் காட்டுகிறேன் பாய் என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

செயலாளர் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இதென்னம்மா ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரா? லாரி நெம்பர ஆராய்ச்சி பண்ண யாரு வரப் போறாங்க?" என்றார். நான் விடவில்லை. இதைப் படம் எடுக்காவிட்டால் வேறெதையும் எடுக்க வேண்டாம், நீங்களே பையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுங்கள் என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தார், பிறகு தலையாட்டினார். அந்த மனிதரிடம் நான் ஜெயித்தது அந்த ஒரு தடவைதான். பெருமையாக இருந்தது.

படம் எடுப்பவர்கள் சென்னையிலிருந்து வருவதாக ஏற்பாடு. வருவதற்கு முன்னால் ஒரு கடிதம் போட்டார்கள். உதிரித் தாள், பிசிறடித்த நோட்டு எதையும் தொடமாட்டார்களாம். எல்லாம் பைண்டு செய்து, ஓரம் சமமாக, கண்ணாடிக்கு அடியில் படிந்து நிற்க வேண்டுமாம். பதினைந்து நாள் இருந்தது. வீட்டில் மாமியாருக்குக் காய்ச்சல், பெரியவளுக்குப் பரீட்சை. விடிந்தால் சமையல், பிறகு பஸ், பிறகு இந்தக் காகித மலை. பைண்டிங்குக்கு அனுப்பும் ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு சீட்டு எழுத வேண்டும். என்ன துணி, என்ன நிறம், முதுகில் என்ன எழுத்து, ஓரம் எத்தனை பக்கம் வெட்டுவது என்று அச்சடித்த சீட்டு. ஒரே மத்தியானத்தில் அத்தனை கட்டுக்கும் எழுதினேன். வெட்டுவது என்ற இடத்தில் எல்லாவற்றுக்கும் 'மூன்று பக்கமும்' என்று எழுதினேன். எப்போதும் அப்படித்தான் எழுதுவேன். பாயின் மூன்று நோட்டும் மூன்று அளவு. ஒரே வால்யூமாகச் சேர்க்கவும் என்று அதற்கு மட்டும் கூடுதலாக ஒரு வரி.

அவர் ஓரத்தைத் தொட்டுக் காட்டியது என் தலைக்குள் எங்கேயோ இருந்திருக்கும். சீட்டு எழுதிய கைக்கு அது வந்து சேரவில்லை.

பைண்டர் மேல் தப்பே இல்லை. மூன்று அளவு நோட்டைச் சேர்த்துக் கட்டச் சொன்னால் இருப்பதில் சின்னதன் அளவுக்குத்தான் கத்தி வைப்பார்கள். நீலக் காலிகோ துணி போட்டு, தங்க எழுத்தில் தொப்பூர் என்று அடித்து, செங்கல் போலக் கட்டிக் கொண்டுவந்து வைத்தார். அழகாக இருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தேன்.

படம் எடுக்க ஆள் வந்தது. பின்னறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, கம்பத்தில் கேமராவை மாட்டி, எட்டு நாள் எடுத்தார்கள். கண்ணாடியைத் தூக்குவது, பக்கத்தைப் புரட்டுவது, திரும்ப அமுக்குவது, இது என் வேலை. விளக்குச் சூட்டில் புடவை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அந்த நீல வால்யூம் எந்த நாளில் போனது என்றுகூட எனக்கு நினைவில்லை. பக்கம் புரட்டியது நான்தான். ஒரு பக்கத்தைக்கூடப் பார்க்கவில்லை. "நாம இருக்க மாட்டோம், இது இருக்கும்" என்று கடைசி நாளில் கேமராக்காரர் சுருள் டப்பாவைத் தட்டிக் காட்டினார். செயலாளர் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்.

ஒரு வருஷம் போல ஆகியிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை காலை, இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வாசலில் செருப்பை விட்டுவிட்டுத் தயங்கி நின்றாள். ஓசூருக்கு அந்தப் பக்கமாம். தமிழில் தெலுங்கு வாடை அடித்தது. லாரி நம்பரை ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தாள்.

"தொப்பூர் ஓட்டல் பாயி அனுப்புனாருங்க அக்கா. எல்லாம் லைப்ரரில பத்திரமா இருக்குது, போய்க் கேளுன்னாரு."

வீட்டுக்காரர் டிரைவர். கவிழ்ந்து நான்கு வருஷம் ஆகிவிட்டது. அப்போது அவள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டில் இருந்திருக்கிறாள். திரும்பி வரச்சொல்லி அவர் இரண்டு கடுதாசி போட்டிருக்கிறார், இவள் பதில் போடவில்லை. உடலை வாங்கிப் போனது அவருடைய அண்ணன். இடத்திலேயே போய்விட்டான், ஒன்றும் பேசவில்லை என்று வந்து சொல்லியிருக்கிறார். போன மாதம்தான் வேறொரு டிரைவர், அந்த மலையில் பாய் என்று ஒருத்தர் இருக்கிறார், அவரைக் கேட்டுப் பார் என்று சொல்லியிருக்கிறார்.

"என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாரான்னு தெரிஞ்சா போதுங்க. திட்டியிருந்தாலும் பரவால்ல."

நீல வால்யூமை எடுத்தேன். நம்பரைத் தேடிப் பிடித்தேன். தேதி இருந்தது. இரண்டாவது வளைவு, கோயிலுக்குக் கீழே என்று இருந்தது. பெயர் இருந்தது. வலது பக்கம் காகிதம் கத்தியால் வெட்டின மழுமழுப்போடு முடிந்துபோயிருந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பினேன், அதற்கடுத்ததைத் திருப்பினேன். இரண்டு பெரிய நோட்டு முழுக்க அப்படித்தான். டக்கென்று வால்யூமை மூடி, இன்னொரு நோட்டு இருக்கிறது, தேடி எடுக்க வேண்டும், அடுத்த வெள்ளிக்கிழமை வா என்று சாக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். அத்தனை தூரம் வந்தவளுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

அவள் போனதும் சுருளை எடுத்து, படிக்கும் மெஷினில் மாட்டிப் பார்த்தேன். அருமையான படம். ஒரு எழுத்து கலங்கவில்லை. வெட்டின ஓரமும் துல்லியமாக விழுந்திருந்தது. அதைத்தான் இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றப் போகிறார்கள்.

மறுநாளே தொப்பூர் போனேன். பரோட்டாக் கல்லுக்கு முன்னால் பாயின் மகன் நின்றிருந்தார். பாய் உள்ளே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வண்டி நம்பரைச் சொன்னேன், வளைவைச் சொன்னேன், பெயரைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார்.

"அன்னைக்கு மழைங்களா?" என்று கேட்டார்.

எனக்கு எப்படித் தெரியும்? தெரியவில்லை பாய் என்றேன்.

"ஓரத்துல எழுதியிருப்பனேங்க. பாத்தீங்களா?"

ஓரம் போய்விட்டது என்றேன். பைண்டிங்கில் வெட்டியாகிவிட்டது, நான்தான் வெட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தேன் என்று சொன்னேன். அவர் கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் எனக்கும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"நெனப்பு இருந்திருந்தா அத எதுக்குங்கம்மா உங்ககிட்ட குடுக்கப் போறேன்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். பிறகு மகனைக் கூப்பிட்டு எனக்கு டீ போடச் சொன்னார். குடித்துவிட்டு வந்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஒரு பொய்யைத் தயார் செய்தேன். 'அவளை வரச் சொல்லுங்க, நான் கோபமா இல்லேன்னு சொல்லுங்க' என்று சொன்னாராம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. சாகிற மனுஷன் அதைச் சொல்லியிருக்க மாட்டானா என்ன? வாரம் முழுக்க அடுப்படியில் நின்றபடி மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை அவள் வந்து எதிரே உட்கார்ந்ததும் அந்தப் பொய்யை நான் சொல்லவில்லை.

வால்யூமைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். இந்த இடத்தில்தான் பாய் எழுதியிருந்தார். இந்த அளவுக்கு இருந்தது காகிதம். வெட்டச் சொன்னது நான். பைண்டரிடம் போய்க் கேட்டேன், வெட்டின துண்டெல்லாம் அன்றைக்கே அடுப்புக்குப் போய்விட்டது. இனிமேல் எங்கேயும் கிடையாது. சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. வால்யூமைத் தன் பக்கம் இழுத்து, குனிந்து, வெட்டின ஓரத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழாகத் தடவினாள். அங்கே வரிகளின் தொடக்கம் மட்டும் மிஞ்சியிருந்தது. பாதி எழுத்து, கால் எழுத்து, ஒரு சுழி. எதையும் படிக்க முடியாது. அவள் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள்.

"இது நாலு வரிங்களா அக்கா?"

ஆமாம் என்றேன்.

"மத்த ஆளுங்களுக்கும் நாலு வரியா?"

பக்கங்களைத் திருப்பிக் காட்டினேன். சிலருக்கு ஒரு வரி இருந்தது. சிலருக்கு ஒன்றுமே இல்லை. நான்கு வரி வேறு யாருக்கும் இல்லை.

"ஒண்ணுமே பேசாம போயிட்டாருன்னு அவங்க அண்ணன் சொன்னாருங்க. நாலு வரி பேசியிருக்காரு." அவர் பக்கத்தை மறுபடி திருப்பி வைத்தாள். "திட்டுனதயெல்லாம் நாலு வரிக்கு எழுதி வப்பாங்களா அக்கா? வக்க மாட்டாங்க."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஓசூர் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தாள். அவள் புருஷன் பேசிய கடைசிப் பேச்சை அடுப்புக்கு அனுப்பியவள் நான். எனக்கு இரண்டு கையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.